பிரெஞ்சின் இம்பர்ஃபெக்ட் சப்ஜங்க்டிவ்: நம்மவர் எவ்வளவு படிக்க வேண்டும்?

பிரான்சிலோ, சுவிஸின் ஜெனீவா, லோசான் பக்கத்திலோ, கனடாவின் மொன்றியலிலோ சொந்தம் உள்ள குடும்பங்கள் மட்டக்களப்பின் கல்லடியிலும் நாவற்குடாவிலும் பல. அங்கே போக எண்ணும் பிள்ளைகள் எப்படியோ ஒரு பிரெஞ்சு இலக்கணப் புத்தகத்தைத் தேடி எடுத்துவிடுகிறார்கள். அந்தப் புத்தகத்தின் பின்பக்கத்தில் வினை அட்டவணை இருக்கும். நிகழ்காலம், எதிர்காலம் என்று வரிசையாகப் போய், எல்லாவற்றுக்கும் கடைசியில் ஒரு நிரல் வரும். அதுதான் இம்பர்ஃபெக்ட் சப்ஜங்க்டிவ், அதாவது நடந்ததை அல்லாமல் மனத்தில் மட்டும் உள்ளதைச் சொல்லும் வினைவடிவத்தின் இறந்தகாலம். இரட்டை எஸ் எழுத்துகள் நிறைந்த, வாயில் நுழையாத வடிவங்கள். ஆசிரியரைக் கேட்டால் "இதை இப்போது யாரும் பேசுவதில்லை, விட்டுவிடு" என்பார். பிரான்சில் பத்து வருடம் இருந்த மாமாவைக் கேட்டாலும் அதே பதில்தான்.

அந்தப் பதில் பாதிதான் சரி. பேசுவதற்கு இந்த வடிவம் வேண்டாம் என்பது உண்மை. ஆனால் பிரெஞ்சில் எழுதப்பட்டதை வாசிக்க வேண்டுமானால் இது இல்லாமல் முடியாது. வாசிப்பதற்குத் தேவையான அளவோ, அட்டவணையைப் பார்த்துப் பயப்படுகிற அளவில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லித் தராததால்தான் ஒரு பக்கம் பிள்ளைகள் வீணாக மனப்பாடம் செய்கிறார்கள். இன்னொரு பக்கம் நன்றாகப் பிரெஞ்சு பேசுகிறவர்கள்கூடப் பழைய பக்கமொன்றைத் திறந்தால் தடுமாறுகிறார்கள்.

முதலில் இது எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். பெயரில் 'இம்பர்ஃபெக்ட்' என்று இருந்தாலும், இலத்தீனின் இம்பர்ஃபெக்ட் சப்ஜங்க்டிவிலிருந்து இது பிறக்கவில்லை. அந்த இலத்தீன் வடிவம் பிரெஞ்சுக்கு வந்து சேராமல் வழியிலேயே அழிந்துபோயிற்று. பிழைத்தது அதற்கும் முந்திய காலத்தைச் சுட்டிய புளூபர்ஃபெக்ட் சப்ஜங்க்டிவ். 'நேசி' என்ற வினைக்கு இலத்தீனில் அது அமாவிஸ்ஸெம். பேச்சில் நடு எழுத்துகள் தேய்ந்து அமாஸ்ஸெம் ஆகி, பழைய பிரெஞ்சில் அமாஸ் என்று நின்றது. பிரெஞ்சில் மட்டுமல்ல, அதன் சகோதர மொழிகளிலும் இதே கதைதான். 'இரு' என்ற வினையின் இலத்தீன் வடிவமான ஃபுயிஸ்ஸெம், பிரெஞ்சில் ஃப்யூஸ், இத்தாலியில் ஃபொஸ்ஸி, ஸ்பானியத்தில் ஃபுயேஸே, போர்த்துக்கீசத்தில் ஃபொஸெ. நாலையும் அடுத்தடுத்துச் சொல்லிப் பார்த்தால் ஒரே வயிற்றுப் பிள்ளைகள் என்பது காதுக்கே தெரியும். ஆனால் மற்ற மூன்று மொழிகளிலும் இந்த வடிவம் இன்றைக்கும் சந்தையில், பஸ்ஸில், வீட்டில் புழங்குகிறது. "நான் உன் இடத்தில் இருந்தால்" என்று சொல்ல லிஸ்பனில் ஒரு மீன்காரிக்கும் இது வேண்டும். பலெர்மோவில் வாழும் நம் தமிழ்ப் பிள்ளைகள் இதைப் பள்ளி முற்றத்திலேயே பழகிவிடுகிறார்கள். பிரெஞ்சில் மட்டும்தான் இது வாயைவிட்டு இறங்கித் தாளில் போய்த் தங்கியது.

போர்த்துக்கீசத்தைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. இந்த வினைவடிவத்தின் ஒரு கிளை மட்டக்களப்பு வாவிக்கரைக்கே வந்து சேர்ந்தது. 1628இல் போர்த்துக்கீசர் புளியந்தீவில் கோட்டை கட்டினார்கள். 1638இல் அது ஒல்லாந்தர் கைக்குப் போனது. கோட்டை கைமாறினாலும் மொழி போகவில்லை. மட்டக்களப்புப் பறங்கியர் வீடுகளில் போர்த்துக்கீசக் கிரியோல் மொழி தலைமுறை தலைமுறையாகப் பேசப்பட்டு வந்தது. கல்லடியை அடுத்த டச்பாரிலும் அந்தக் குடும்பங்கள் வாழ்ந்தன. 2004 டிசெம்பர் 26 சுனாமி அவர்களில் பலரைக் கொண்டுபோனது. அந்தக் கிரியோலை மொழியறிஞர் செபஸ்தியாவ் ரொடோல்ஃபோ தல்காதோ 1900இல் ஒரு நூலாகப் பதிந்தார். பிற்காலத்தில் மொழியியலாளர் இயன் ஸ்மித் மட்டக்களப்பில் தங்கி ஆராய்ந்தார். தமிழோடு நானூறு வருடம் பக்கத்தில் இருந்து அது எப்படித் தமிழின் வாக்கிய ஒழுங்கை எடுத்துக்கொண்டது, வினையை எப்படிக் கடைசியில் வைத்தது என்பதை அவர் காட்டினார். அந்த மொழியில் வினையின் வால்கள் எல்லாம் உதிர்ந்துவிட்டன. இறந்தகாலத்துக்கு 'ஜா', எதிர்காலத்துக்கு 'லோ' என்று வினைக்கு முன்னால் ஒரு சிறு சொல் வைத்தால் போதும். ஃபொஸெ போன்ற வடிவங்களுக்கு அங்கே இடமில்லை. ஒரே இலத்தீன் வேரிலிருந்து வந்தது லிஸ்பனில் உயிரோடு நிற்கிறது, பாரிஸில் எழுத்தில் நிற்கிறது, நம் டச்பாரில் முற்றாக உதிர்ந்துபோனது. ஒரு வினைவடிவம் வாழ்வதும் சாவதும் அது அழகா, கடினமா என்பதைப் பொறுத்ததல்ல, அதற்குப் பேச்சில் வேலை இருக்கிறதா என்பதைப் பொறுத்தது என்பதற்கு இதைவிடக் கிட்டிய சான்று நமக்கு வேண்டியதில்லை.

இனி, இதை எப்படி உண்டாக்குவது? இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அட்டவணை காட்டுகிற அச்சம் இந்த இடத்தில்தான் கரையும்.

பிரெஞ்சில் கதை சொல்லவும் வரலாறு எழுதவும் பயன்படும் ஓர் இறந்தகாலம் உண்டு. பாஸே சேம்ப்ள் என்பார்கள். அதில் முன்னிலை ஒருமை, அதாவது 'நீ' என்பதற்கு உரிய வடிவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 'பேசு' என்ற வினைக்கு அது பார்லா, எழுத்தில் கடைசியில் ஒலிக்காத ஓர் எஸ் இருக்கும். அந்த எஸ்ஸோடு இன்னோர் எஸ்ஸும் ஈயும் சேர்த்தால் 'நான்' என்பதற்கான இம்பர்ஃபெக்ட் சப்ஜங்க்டிவ் வந்துவிடும். பார்லாஸ். 'நீ', 'அவர்கள்' இரண்டுக்கும் எழுத்து வேறு, ஒலி அதே பார்லாஸ். 'நாங்கள்' என்றால் பார்லாஸியோன், 'நீங்கள்' என்றால் பார்லாஸியே. எந்த வினையானாலும், எவ்வளவு முரண்டு பிடிக்கிற வினையானாலும், இந்த விதிக்கு விலக்கில்லை. பிரெஞ்சு வினைகளில் இவ்வளவு ஒழுங்கான விதி அரிது என்று துணிந்து சொல்வேன். கடினம் எல்லாம் பாஸே சேம்ப்ளில்தான் இருக்கிறது. அது தெரிந்தவனுக்கு இது இலவசம்.

பாஸே சேம்ப்ளும் நாலே குடும்பந்தான். 'ஆ' ஒலிக் குடும்பம் பெரியது. பார்லே போல 'ஏ' என்று முடியும் வினைகள் எல்லாம் இதில் அடங்கும். 'ஈ' ஒலிக் குடும்பத்தில் முடி என்று பொருள்படும் ஃபினீர், செய் என்னும் ஃபேர், எடு என்னும் ப்ரோந்த்ர் ஆகியவை வரும். மூன்றாவது, உதட்டைக் குவித்துக்கொண்டு 'ஈ' சொல்லும் ஒலி. இங்கே அதை 'யூ' என்று எழுதுகிறேன். இரு, உடைமை கொள், முடியும், அறி, விரும்பு போன்ற அன்றாட வினைகள் இதில்தான் வரும்: ஃப்யூ, யூ, ப்யூ, ஸ்யூ, வூல்யூ. நாலாவது குடும்பத்தில் வா என்னும் வெனீர், பிடி என்னும் தெனீர், அவற்றிலிருந்து பிறந்தவை. மூக்கொலியோடு வேன், தேன்.

இப்போது நான் விட்டுவைத்த படர்க்கை ஒருமைக்கு வருவோம். அவன், அவள், அது என்பவற்றுக்கான வடிவம் மட்டும் தனி வழியில் போகிறது. இரட்டை எஸ் இங்கே இல்லை. முடிவில் ஒலிக்காத டி எழுத்து, அதற்கு முன்னுள்ள உயிரெழுத்தின் தலையில் கூரை வடிவில் ஒரு குறி. 'அவன் பேசினான்' என்பதும் பார்லா, 'அவன் பேச' என்னும் சப்ஜங்க்டிவும் பார்லா. 'அவன் இருந்தான்' ஃப்யூ, சப்ஜங்க்டிவும் ஃப்யூ. காதுக்கு எந்த வேறுபாடும் இல்லை. கண்ணுக்கு மட்டும் அந்தக் கூரை தெரியும். அந்தக் கூரை வெறும் அலங்காரமல்ல. பழைய பிரெஞ்சில் அது பார்லாஸ்ட், ஃப்யூஸ்ட் என்று எஸ்ஸோடு எழுதப்பட்டது. எஸ் ஒலி பேச்சில் விழுந்தபின், அது இருந்த இடத்தைக் காட்டுவதற்காக வைத்த குறி அது. மற்ற எல்லா இடங்களிலும் இரட்டையாக நிற்கும் அதே எஸ்தான் இங்கே கூரையாகி மேலே ஏறியிருக்கிறது. 1990 டிசெம்பர் 6ஆம் திகதி பிரெஞ்சு அரசு வர்த்தமானியில் எழுத்துச் சீர்திருத்தப் பரிந்துரைகள் வெளிவந்தபோது, இ, யூ எழுத்துகளின் தலையிலிருந்த பல கூரைகளை அவை எடுத்துவிட்டன. இந்த வினைமுடிவின் கூரையைத் தொடவில்லை. தொட்டிருந்தால் நடந்ததும் நடக்காததும் தாளிலும் ஒன்றாகிப் போயிருக்கும்.

நடந்தது, நடக்காதது என்றேன். பயன்பாட்டின் உயிர்நாடி அதுதான். இரண்டு தொடர்களைப் பாருங்கள். 'அப்ரே கில் ஃப்யூ பார்தி', 'அவான் கில் ஃப்யூ பார்தி'. முதலாவதன் பொருள் 'அவர் போன பிறகு'. இரண்டாவதன் பொருள் 'அவர் போக முன்னம்'. ஒலியில் ஃப்யூ இரண்டிலும் ஒன்றே. எழுத்தில் முதலாவதற்குக் கூரை இல்லை, இரண்டாவதற்கு உண்டு. 'பிறகு' என்று சொல்லும்போது போனது நடந்து முடிந்த உண்மை. 'முன்னம்' என்று சொல்லும்போது அந்தப் போதல் இன்னும் நடக்கவில்லை, மனத்தில் மட்டும் இருக்கிறது. சரி, இப்போது நம் பேச்சைக் கவனியுங்கள். பிறகு என்றால் 'போன' என்கிறோம். முன்னம் என்றால் 'போன முன்னம்' என்று எந்த மட்டக்களப்பானும் சொல்லமாட்டான், 'போக முன்னம்' என்றுதான் சொல்வான். நடந்த செயலுக்குக் காலம் காட்டும் எச்சமும், நடக்காத செயலுக்குக் காலம் காட்டாத செய என்னும் எச்சமும் போடுகிறோம். பிரெஞ்சுக்காரன் கூரை போட்டுக் காட்டுவதை நாம் எச்சத்தை மாற்றிக் காட்டுகிறோம். சப்ஜங்க்டிவ் என்பது தமிழனுக்குப் புரியாத மேல்நாட்டு நுட்பம் என்ற எண்ணம் இந்த ஒரு சோடித் தொடரிலேயே விழுந்துவிடும்.

இன்னோர் இடம். பழைய வீட்டைத் தேடிப் போன ஒருவர் 'கடலுக்குக் கிட்ட இருந்த வீட்டைத் தேடினேன்' என்பார். வாடகைக்கு வீடு தேடினவர் 'கடலுக்குக் கிட்ட இருக்கிற மாதிரி ஒரு வீடு தேடினேன்' என்பார். முதலாமவருக்கு அந்த வீடு உண்மையில் உண்டு. இரண்டாமவருக்கு அது இன்னும் கிடைக்காத வீடு, ஒரு தேவை மட்டும். பிரெஞ்சில் முதலாவதற்கு 'கி எத்தே ப்ரே த லா மேர்' என்று சாதாரண இறந்தகாலம். இரண்டாவதற்கு இலக்கண சுத்தமாக எழுதினால் 'கி ஃப்யூ ப்ரே த லா மேர்' என்று கூரை போட்ட ஃப்யூ.

இதுவரை சொன்னது சப்ஜங்க்டிவ் ஏன் என்பது. அது ஏன் இறந்தகால வடிவத்தில் வருகிறது என்பது அடுத்த கேள்வி. கால இசைவு என்று பிரெஞ்சு இலக்கணகாரர் ஒரு விதி வைத்திருக்கிறார்கள். முதல் வாக்கியத்தின் வினை நிகழ்காலத்திலோ எதிர்காலத்திலோ இருந்தால் அதைச் சார்ந்த வாக்கியத்தில் நிகழ்கால சப்ஜங்க்டிவ். முதல் வினை இறந்தகாலத்திலோ, 'செய்வேன், ஆனால்' என்ற தொனியுள்ள கண்டிஷனலிலோ இருந்தால் சார்ந்த வாக்கியத்தில் இம்பர்ஃபெக்ட் சப்ஜங்க்டிவ். 'அவன் வரவேண்டும்' என்பதற்கு 'இல் ஃபோ கில் வியென்'. 'அவன் வரவேண்டியிருந்தது' என்பதற்கு விதிப்படி 'இல் ஃபலே கில் வேன்'. தமிழில் இந்த இசைவு கிடையாது. 'அவன் வரவேண்டும் என்று விரும்புகிறேன்', 'அவன் வரவேண்டும் என்று விரும்பினேன்', இரண்டிலும் 'வரவேண்டும்' அசைவதே இல்லை. 'என்று' போட்டுவிட்டால் உள்ளே இருப்பது அன்று சொன்னபடியே இருக்கும். சப்ஜங்க்டிவைப் புரிந்துகொள்ள நம் மொழி உதவுகிறது. கால இசைவுக்கு அது கைகொடுப்பதில்லை. நம் பிள்ளைகள் தடுக்கி விழுவதும் இங்கேதான். ஆனால் இதே இடத்தில்தான் இன்றைய பிரெஞ்சுப் பேச்சும் தமிழின் பக்கம் வந்திருக்கிறது. முதல் வினை எந்தக் காலமானாலும் சார்ந்த வாக்கியத்தில் நிகழ்கால சப்ஜங்க்டிவையே எல்லோரும் பேசுகிறார்கள். 'இல் ஃபலே கில் வியென்' என்று சொன்னால் இன்று பாரிஸில் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். வேன் என்று சொன்னால்தான் திரும்பிப் பார்ப்பார்கள்.

எழுவாய் ஒன்றாக இருந்தால் சப்ஜங்க்டிவே தேவையில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 'நான் வர விரும்பினேன்' என்பதற்குப் பிரெஞ்சிலும் செய என்னும் எச்சத்துக்கு ஈடான வடிவமே வரும். ஆள் மாறினால்தான், நமக்கு 'என்று' தேவைப்படுவது போல, அவர்களுக்கு இது தேவைப்படும்.

பேச்சிலிருந்து இது ஏன் போனது? பாஸே சேம்ப்ள் போனதுதான் முதற் காரணம். 18, 19ஆம் நூற்றாண்டுகளில் பாரிஸ் பேச்சில் துணைவினை சேர்ந்த இறந்தகாலம் அதன் இடத்தைப் பிடித்தது. தாய் வடிவம் வாயில் இல்லாதபோது அதிலிருந்து பிறக்கும் வடிவத்தை யார் உண்டாக்குவார்கள்? ஒலியும் எதிராக வேலை செய்தது. பிரெஞ்சில் 'ஆஸ்' என்ற முடிவு இழிவுக் குறிப்புள்ள விகுதி. பயனற்ற காகிதக் குவியலைப் பாப்பராஸ் என்பார்கள். பார்லாஸ், எமாஸ் என்று வரும்போது அந்த இளக்காரமும் கூடவே ஒலிக்கும். 'நாம் அறிய' என்பதற்கான ஸ்யூஸியோன் 'நாம் உறிஞ்ச' என்பதோடு ஒலியில் ஒன்றாகிவிடும். நகைச்சுவை எழுத்தாளர் அல்ஃபோன்ஸ் அலே இந்த வடிவங்களையே அடுக்கி ஒரு வேடிக்கைக் காதல் கவிதை எழுதிச் சிரிக்க வைத்தார். சபையில் சிரிப்புக்கு ஆளாகும் வடிவத்தைச் சபையில் யாரும் துணிந்து சொல்லமாட்டார்கள். 'அவன்' வடிவம் மட்டும் சிரிப்புக்குத் தப்பியது. அது பாஸே சேம்ப்ளைப் போலவே ஒலிப்பதால் காதை உறுத்தவில்லை. எழுத்தில் இன்று நாம் சந்திப்பதில் மிகப் பெரும்பகுதி படர்க்கை ஒருமையாகவே இருப்பதன் காரணம் இதுதான்.

அரசும் மெல்ல மெல்லத் தலையாட்டியது. 1901 பெப்ரவரி 26ஆம் திகதி, கல்வி அமைச்சர் ஜோர்ஜ் லெய்கின் ஆணை, முதல் வினை கண்டிஷனலில் இருக்கும்போது நிகழ்கால சப்ஜங்க்டிவை எழுதினாலும் பரீட்சையில் பிழையாகக் கொள்ளக்கூடாது என்றது. 1976 டிசெம்பர் 28ஆம் திகதி, அப்போதைய கல்வி அமைச்சர் ரெனே ஹபியின் ஆணை அதை முழுக்கத் திறந்துவிட்டது. முதல் வினை எந்த இறந்தகாலமாயினும் நிகழ்கால வடிவம் ஏற்கப்படும். கவனிக்க வேண்டியது, இரண்டு ஆணைகளும் பழைய வடிவத்தைத் தள்ளவில்லை, புதியதைப் பொறுத்துக்கொள்ளச் சொன்னன, அவ்வளவுதான். இலக்கியத்திலும் பாதை பிரிந்தது. புரூஸ்த்தின் பெருநாவலில் இந்த வடிவம் பக்கத்துக்குப் பக்கம் வரும். 1942இல் வந்த காம்யுவின் நாவலோ துணைவினை இறந்தகாலத்திலேயே கதையை நடத்தியது. வெ. ஸ்ரீராம் மொழிபெயர்ப்பில் 'அந்நியன்' என்று நாம் வாசித்தது அதைத்தான். அந்த நாவலின் வெட்டு வெட்டான நடைக்கு இந்தத் தேர்வு பெரிய காரணம்.

அப்படியானால் இன்று எங்கே இது கண்ணில் படும்? மூன்று இடங்களைச் சொல்வேன்.

ஒன்று, உறைந்த தொடர்கள். 'ன ஃப்யூ-ஸ் க' என்றால் நம் 'ஆவது'. ஒரு நாளைக்காவது, ஒரு தரமாவது என்று எழுத இன்றைய பத்திரிகைகளும் இதைக் கையாளுகின்றன. 'ஃப்யூ-ஸ்' தனியாக வந்தால் 'ஆனாலும்'. 'த்யூத்-இல்' என்றால் 'அவனுக்கு அப்படிச் செய்ய வேண்டி வந்தாலும்'. கேள்வி போல வினை முன்னால் வந்து, தலையில் கூரையும் இருந்தால், அது கேள்வியல்ல, 'ஆலும்' என்று வைத்துக்கொள்ளுங்கள், பெரும்பாலும் பிழைக்காது.

இரண்டாவது, சட்டமும் அலுவலகமும். நீதிமன்றத் தீர்ப்புகளின் நடை பேச்சோடு சேர்ந்து மாறுவதில்லை. பிரான்சில் புகலிடம் கேட்ட நம்மவர் ஆயிரக்கணக்கானோர். அவர்கள் வழக்குத் தாள்களில் 'இல் யூ ஃபல்யூ' என்பது போன்ற தொடர் வந்தால், யூ என்பதன் தலையில் கூரை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கூரை இருந்தால் 'செய்திருக்க வேண்டும்', அதாவது செய்யவில்லை. பேச்சில் இதை 'இல் ஓரே ஃபல்யூ' என்பார்கள். கூரை இல்லாவிட்டால் நடந்துபோன ஒரு காரியத்தைச் சொல்கிறது. செய்தாரா, செய்யவில்லையா என்பதைத் தீர்மானிக்கும் இடத்தில் ஒரு சின்னக் குறியைத் தவறவிடலாமா? மொழிபெயர்ப்பாளராக வேலை பார்க்கும் நம் பிள்ளைகளுக்கு இது மேலதிக அறிவல்ல, தொழிலின் அடிப்படை.

மூன்றாவது இடம் நம் சொந்த வரலாறு. எனக்கு இதுவே பெரிதாகப் படுகிறது. 1893இல் திருகோணமலை மறைமாவட்டம் அமைக்கப்பட்டது. 1895இல் பிரான்சின் ஷம்பாஞ் மாகாண இயேசு சபையிடம் அது ஒப்படைக்கப்பட்டது. மட்டக்களப்பும் அன்று அதற்குள் அடங்கியிருந்தது. முதல் ஆயர் சார்ல்ஸ் லவீஞ், அதற்குமுன் கேரளத்தின் கோட்டயத்தில் பணி செய்தவர். பின்னர் 1917 முதல் 1946 வரை ஆயராக இருந்தவர் கஸ்தோன் ரொபிஷே. புனித மிக்கேல் கல்லூரியை வளர்த்தெடுத்தவர் ஃபெர்டினாண்ட் பொனெல் அடிகளார். அந்தக் கல்லூரியில் மயில்வாகனன் என்ற பெயரில் படித்து 1908இல் கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சையில் தேறியவர்தான் பின்னாளில் விபுலாநந்த அடிகள். 1929இல் அவர் நிறுவிய சிவானந்த வித்தியாலயமும், அங்கேயே அவருடைய சமாதியும் நம் கல்லடி உப்போடையில்தான் இருக்கின்றன. ஏறக்குறைய அரை நூற்றாண்டு இந்தக் கரையில் வாழ்ந்த பிரெஞ்சுத் துறவிகள் தங்கள் நாட்டுக்கும் சபைக்கும் எழுதியது தாய்மொழியில். அவர்கள் பள்ளியில் இலத்தீனோடு சேர்த்துப் பிரெஞ்சைப் படித்த தலைமுறை. கால இசைவை விடாமல் எழுதப் பழக்கப்பட்டவர்கள். 1945க்குப் பின் அமெரிக்க இயேசு சபையினர் வந்து ஆங்கிலம் மேலோங்கியதும், நம்மவர் அந்தப் பிரெஞ்சுக் காலத்தை ஆங்கிலக் குறிப்புகள் வழியாகவே அறியத் தொடங்கினோம். நம் ஊர் பற்றி அன்று எழுதியதை நேரே வாசிக்கிறவர் நம்மில் ஒருசிலராவது வேண்டாமா?

தமிழ் ஆய்வுக்கும் இதே நியாயம் பொருந்தும். புதுச்சேரியில் மூசே, துயிபுயி இருவரும் தொகுத்த தமிழ்–பிரெஞ்சு அகராதி 1855 முதல் வெளிவந்தது. ஜூலியேன் வேன்சோன் 1903இல் தமிழ் கற்பிக்கும் கைநூல் எழுதினார். ஜூல் புளொக் திராவிட மொழிகளின் இலக்கண அமைப்பைப் பற்றி 1946இல் எழுதிய நூல் இன்றும் மேற்கோளாகிறது. 1955இல் புதுச்சேரியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தொடங்கியது. 1968இல் பிரான்சுவா குரோ பரிபாடலைப் பிரெஞ்சில் தந்தார். நம் மொழியைப் பற்றி இவ்வளவு எழுதப்பட்ட ஒரு மொழியின் ஆய்வு நடையை நாம் வாசிக்க முடியாமல் இருப்பது நமக்குத்தான் இழப்பு. பேச்சுப் பிரெஞ்சு மட்டும் தெரிந்தவர் அந்த நூல்களில் 'ஆயிருந்தாலும்', 'ஆகும்படி', 'ஆகாதபடி' என்று வரும் ஒவ்வோர் இடத்திலும் கூரை போட்ட வினை கண்டு நிற்பார்.

பரீட்சைக்குப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2024 ஜனவரி 26ஆம் திகதிய பிரெஞ்சுச் சட்டத்தின்படி, 2026 தொடக்கம் குடியுரிமை கேட்பவர் பி2 தரத்தில் பிரெஞ்சு தெரிந்திருக்க வேண்டும். முன்பு பி1 போதும். பயம் வருவது இயல்பு. ஆனால் பி2 தேர்வில் பேச்சிலும் எழுத்திலும் எதிர்பார்ப்பது நிகழ்கால சப்ஜங்க்டிவைத்தான். சுவா, எ, ஃபாஸ், புயிஸ், வியென் ஆகியவற்றைத் தடங்கலில்லாமல் சொல்ல முடியாத பிள்ளைக்கு ஃப்யூஸ், யூஸ் என்று மனப்பாடம் கொடுப்பது கொடுமை. இதை நான் கண்டிப்பாகவே சொல்கிறேன்: நேர்முகத்தில் இம்பர்ஃபெக்ட் சப்ஜங்க்டிவ் பேசினால் மதிப்பெண் கூடாது, செயற்கையாகத்தான் கேட்கும்.

வாசிக்க விரும்புகிறவர்கள் செய்ய வேண்டியது கொஞ்சம். பாஸே சேம்ப்ள் படிக்கும் அதே நாளில் இதையும் படியுங்கள், தனிப் பாடமாகத் தள்ளிப்போட வேண்டாம். ஃப்யூ, யூ இரண்டையும் முதலில் எடுங்கள். எழுத்தில் வரும் சப்ஜங்க்டிவ்களில் இவை இரண்டும்தான் மீண்டும் மீண்டும் வரும். தனியாகவும் வரும், மற்ற வினைகளுக்குத் துணையாக நின்றும் வரும். பிறகு ஃபீ, ப்யூ, வூல்யூ, வேன், கடைசியாக 'ஆ' குடும்பம். எல்லாம் படர்க்கை ஒருமையில் மட்டும். பார்லாஸியோன், பார்லாஸியே போன்றவற்றை எங்காவது சந்தித்தால் இரட்டை எஸ்ஸைப் பார்த்து அடையாளம் கண்டுகொள்ளலாம், உண்டாக்கப் பழக வேண்டியதில்லை. ஒரு பக்கத்தைக் கையில் எடுத்து, கூரை போட்ட வினைகளைப் பென்சிலால் வட்டமிட்டு, ஒவ்வொன்றுக்கும் முன்னால் என்ன நிற்கிறது என்று தேடுங்கள். அவான் கெ (முன்னம்), பூர் கெ (ஆகும்படி), பியேன் கெ (ஆனாலும்), ஃபலே (வேண்டியிருந்தது), வூலே (விரும்பினான்), இவற்றில் ஒன்று பெரும்பாலும் அகப்படும். அகப்படாவிட்டால் அது 'செய்திருக்கும், செய்திருந்தால்' வகை யூ ஆக இருக்கும்.

க.பொ.த. உயர்தரத்தில் பிரெஞ்சு ஒரு பாடமாக இருக்கிறது. கிழக்கில் அதை எடுக்கும் பிள்ளைகள் மிகக் குறைவு. எடுக்கிற பிள்ளைகளுக்காவது, அந்த மொழியை விசாவுக்கு மட்டும் உரியதாகக் காட்டாமல், மட்டக்களப்பைப் பற்றி எழுதப்பட்ட மொழியாகவும் ஆசிரியர்கள் அறிமுகம் செய்ய வேண்டும். அட்டவணையின் கடைசி நிரலைக் கிழித்துவிடச் சொல்லாமல், அதில் மூன்றாவது வரியை மட்டும் கோடிட்டு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.